சிவப்புப் பொட்டாஷும் கருகிய திராட்சை இலையும்

(ராமநாதபுரம் கடலோரத்து நாலு ஊர்க்காரங்க பேசிக்கிட்டது. பேசுறவங்களை ஊர்ப் பேராலதான் குறிச்சிருக்கு.)

உச்சிப்புளி:
பன்னீர் திராட்சை, ஒட்டுக்கட்டாத சொந்த வேர், எட்டு மாசக் கன்று. பந்தல் இன்னும் ஏறல. அடி இலை எல்லாம் தணல்ல காட்டின அப்பளம் மாதிரி ஓரம் கருகல். தூரைச் சுத்தி மண் சிவந்து கெடந்துச்சு. கிளறினா முழுசா கரையாத சிவப்புப் பொட்டாஷ், தண்டுலேர்ந்து நாலு விரல் தள்ளி ஒரு கைப்பிடி. ஓரம் கருகினா சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், குறைன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அந்தச் சிவப்பு உரம் மியூரியேட் ஆப் பொட்டாஷ், பாதிக்குப் பக்கம் குளோரைடு, இலை ஓரத்தைக் கருக்குற உப்பு. நம்ம கடலோரக் கெணத்துத் தண்ணியில ஏற்கெனவே இருக்கிறதும் அதேதான். நோயையே மருந்துன்னு ஊட்டியிருக்காங்க. இலையைத் திருப்பிப் பார்த்தா பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவுல மஞ்சளே இல்ல, கோடு கிழிச்ச மாதிரி. அந்தக் கோடு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

தேவிபட்டினம்:
அந்தக் கோடு ஒண்ணை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்கண்ணே. சாம்பல் சத்துக் குறையும் முத்தின இலை ஓரத்துலதான் தொடங்கும். மொதல்ல மஞ்சள், அப்புறம் கருகல், இலையும் சுருளும். மணல்ல பொட்டாஷ் நிக்காது, அதனால குறை வர்றது நெஜம். தவிர்க்க வேண்டியது குளோரைடைத்தான், பொட்டாஷை இல்ல. சல்பேட் ஆப் பொட்டாஷ் வாங்குங்க. மூட்டையில 0-0-50ன்னு இருக்கும். 0-0-60ன்னா மியூரியேட். நெறத்தை நம்பாதீங்க, மியூரியேட்லயும் வெள்ளை உண்டு.

கீழக்கரை:
பொட்டாஷ் இருக்கட்டும். இங்க பார்த்தது யூரியா. லேசா நனைஞ்ச மணல் மேல தூவி, மூடவும் இல்ல, தண்ணி கட்டவும் இல்ல. ரெண்டாம் நாள் குனிஞ்சா மூக்குல ஏறுது அம்மோனியா நெடி. சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மண்ணுல யூரியா அப்படித்தான் காத்துல போகும். காசும் சேர்ந்து போகும்.

நட்டதும் குழியில ரசாயன உரம் வேண்டாம். புதுத் தளிர் ஒரு முழம் ஓடட்டும், நாலஞ்சு வாரம் ஆகும். அப்புறம் 10 கிராம் யூரியா, தூருலேர்ந்து ஒரு அடி தள்ளி வட்டமா, ரெண்டு அங்குல ஆழத்துல போட்டு மூடி, உடனே 10 லிட்டர் தண்ணி. 15 நாளைக்கு ஒரு தரம். மொத்தமா 50 கிராம் கொட்டினா மணல்ல வேருக்கு எட்டாம இறங்கிடும். ஐப்பசி மழை அடிக்கும்போது நிறுத்திடுங்க.

சாயல்குடி:
எருவைப் பத்தி யாரும் பேசல, கேக்காமலே சொல்றேன். ரெண்டடிக் குழிக்கு நல்லா மக்கின ஆட்டெரு 10 கிலோ, வேப்பம்புண்ணாக்கு கால் கிலோ. பச்சைப் புழுக்கை சூடு, இளவேரைச் சுட்டுடும். கருவாட்டுக் கழிவு ஆகவே ஆகாது, அம்புட்டும் உப்பு. மீன் அமிலம்னா உப்புப் படாத பச்சை மீனும் வெல்லமும்தான், லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி. கரை ஒதுங்கின கடல்பாசியை மூணு நல்ல தண்ணி அலசாம குப்பைக்குழியில சேர்க்காதீங்க.

பனைமட்டை எரிச்ச சாம்பலும் பொட்டாஷ்தானேன்னு அள்ளிப் போடுறாங்க. ஏற்கெனவே சுண்ணாம்பு மண்ணு, காரம் இன்னும் ஏறும். இரும்பு கிடைக்காம தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணுல போட்டும் புண்ணியமில்ல, சுண்ணாம்பு கட்டிப் போட்டுடும். 3 முதல் 5 கிராம் லிட்டர் தண்ணியில கரைச்சு, அரை எலுமிச்சை பிழிஞ்சு, வெயில் தாழ்ந்தபிறகு இலையில தெளிங்க.

தேவிபட்டினம்:
உப்புக்கு ஜிப்சம் போடலாமே?

உச்சிப்புளி:
ஜிப்சம் சோடியத்துக்கு. குளோரைடை அது ஒண்ணும் செய்யாது. தண்ணியை அளக்காம உரம் பேசி என்ன? டிடிஎஸ், அதாவது லிட்டர் தண்ணியில கரைஞ்ச உப்பு, 650 மில்லிகிராமுக்குள்ளன்னா கவலையில்ல. 1,700 தாண்டினா சொந்த வேர்க் கன்று தாங்காது, உப்பைத் தாங்குற டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில ஒட்டுக்கட்டினதைத் தேடணும். நான் பார்த்த அந்த எட்டு மாசக் கன்றுக்கு, சிவந்த மண்ணை நாலு விரல் ஆழத்துக்கு வழிச்செடுத்துட்டு, மழைத்தொட்டித் தண்ணி 40 லிட்டர், மூணு நாள் இடைவெளி விட்டு மூணு தரம். கருகின இலை திரும்பப் பச்சையாகாது, புது இலையோட ஓரத்தைத்தான் பார்க்கணும்.

கீழக்கரை:
120 லிட்டர்ல தழைச்சத்தும் சேர்ந்து இறங்கிடும், அதையும் சொல்லுங்க. கடைசித் தண்ணி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு அந்த 10 கிராம் யூரியா.