புதுப்பிப்பு: மரத் தக்களிகள் தள்ளாடியதற்கான காரணம்

நான் கடைந்து விற்கும் மரத் தக்களிகள் (கையால் சுழற்றி நூல் நூற்கும் கருவிகள்), அனுப்பும்போது சீராகச் சுழன்றாலும், சில வாரங்களில் தள்ளாடத் தொடங்குகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

தக்களியின் தண்டு செருகப்படும் வட்டின் துளையைச் சரிபார்க்கச் சொன்னார்கள். அது நடுவில்தான் இருந்தது. பலன் தந்தது, பூவரச மரத்தைத் தோராயமாகக் கடைந்து நிழலில் உலர்த்தி, வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே இறுதியாகக் கடையுங்கள் என்ற யோசனை. பழைய வட்டுகளை அளந்தபோது, நாருக்குக் குறுக்கே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சுருங்கி அவை நீள்வட்டமாகியிருந்தன. உலர்த்திக் கடைந்தவை ஆறு வாரம் கழித்தும் வட்டமாகவே இருக்கின்றன.

நான் எதிர்பாராதது தண்டு. நல்ல வட்டைப் பொருத்தியும் சில தக்களிகள் ஆடின. அவற்றின் தண்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, நார் நுனிவரை ஓடாமல் பாதியிலேயே பக்கவாட்டில் முடிந்திருந்தது; அதனால்தான் தண்டு வளைந்திருந்தது. பருத்தி நூற்க எடை குறைந்த தக்களி வேண்டும் என்பதால் தண்டைத் தடிமனாக்கவும் வழியில்லை. ரம்பத்தால் அறுத்த குச்சியை விட்டுவிட்டு, நாரின் போக்கிலேயே பிளந்தெடுத்த குச்சியைக் கடைந்த பிறகு வளைவு வரவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இப்போது மாற்றுத் தக்களிகளை அனுப்பி வருகிறேன்.