யோபு தன்னையே சபித்துக்கொள்வது எப்படி ஆதாரமாகும்?

கரிசல்வாசி:
பைபிளில் யோபு 31-ஆம் அதிகாரம் படித்தேன். தான் குற்றமற்றவர் என்று காட்ட, திக்கற்றவன்மேல் கை ஓங்கியிருந்தால் என் கை தோளிலிருந்து கழன்று விழட்டும், என் நிலம் எனக்கு எதிராகக் கதறினால் கோதுமைக்குப் பதில் முள் முளைக்கட்டும் என்று வரிசையாகத் தனக்கே சாபம் போட்டுக்கொள்கிறார். பிள்ளைகள், சொத்து எல்லாம் போய் உடம்பெல்லாம் புண்ணாக உட்கார்ந்திருப்பவருக்கு இழக்க இன்னும் என்ன இருக்கிறது? குற்றம் செய்தவனும் இதையே சொல்லலாமே?

நடுப்பகல்:
சொல்லலாம்தான், ஆனால் கடவுள் தண்டிப்பார் என்று நிஜமாகவே பயப்படுகிற ஊரில் அது சுலபமில்லை. யாத்திராகமம் 22:10-11 பாருங்கள். ஒருவர் பொறுப்பில் விட்ட மாடு யாரும் பார்க்காதபோது செத்துப்போனால், நான் கை வைக்கவில்லை என்று அவர் கர்த்தர்பேரில் ஆணையிட்டால் போதும், மாட்டுக்காரர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், ஈடு கேட்க முடியாது. சாட்சி இல்லாத வழக்கு அப்படித்தான் முடியும்.

யோபுவின் சிக்கல், காரணமில்லாமல் என்னை வதைக்கிறார் என்று அவர் போடும் வழக்கே கடவுளோடு. அதனால்தான் 35-ஆம் வசனத்தில் இதோ என் கையெழுத்து, சர்வவல்லவர் பதில் சொல்லட்டும் என்கிறார். இதற்கு மேல் கடவுள் சும்மா இருந்தாலும் தீர்ப்பு யோபு பக்கம்தான், சாபம் பலிக்கவில்லை என்றால் ஆள் நிரபராதி. பயங்கரமான துணிச்சல்!

கொய்யாமரம்:
எல்லாம் சரி, 9, 10 வசனங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? பிறன் மனைவிமேல் ஆசை வைத்திருந்தால் என் மனைவி வேறொருவனுக்கு மாவரைக்கட்டும் என்கிறார். தப்பு இவருடையது, தண்டனை அவளுக்கா? எண்ணாகமம் 5-இல் இன்னும் மோசம். மனைவி சோரம்போனதாகப் புருஷன் சந்தேகப்பட்டால் போதும், ஆசாரியன் சாபத்தை எழுதி அதைக் கசப்பான தண்ணீரில் கழுவிக் கொடுப்பான், அவள் ஆமென் ஆமென் என்று சொல்லிக் குடிக்க வேண்டும். யோபு தானாக ஆணையிடுகிறார், அவளிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

நடுப்பகல்:
மறுக்கவில்லை. மனைவியைப் புருஷனின் உடைமையோடு சேர்த்து எண்ணிய காலம் அது. சங்கீதம் 7 அந்த வகையில் நேர்மையானது, நான் தீங்கு செய்திருந்தால் பகைவன் என் உயிரையே மிதிக்கட்டும் என்பதோடு சரி.

தாழ்வாரம்:
பலிக்காத ஆணையும் உண்டு. 1 சாமுவேல் 14-இல் போர் நாளன்று சாயங்காலம்வரை யாரும் சாப்பிடக்கூடாது என்று சவுல் ராஜா போட்ட ஆணை தெரியாமல் அவர் மகன் யோனத்தான் தேன் தின்றதற்காக, நீ சாகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தேவன் எனக்கு இப்படியும் இதற்கு மேலும் செய்யட்டும் என்கிறார் சவுல். ஜனங்கள் குறுக்கே நின்று பையனைக் காப்பாற்றிவிட்டார்கள். பிற்பாடு கில்போவா மலைப் போரில் அப்பாவும் மகனும் ஒரே நாளில் சாகிறார்கள், ஆனால் நூல் அதை இந்த ஆணையோடு முடிச்சுப்போடவில்லை.