இரவில் பேஸ்புக் பார்த்தால் மனசு கெட்டுப்போகிறது, மொத்தமாக எடுத்துவிடலாமா?

தலவாக்கலை டீச்சர் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் கட்டாரில் டிரைவர். நானும் மகளும் மாமியோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறோம்.

பகலில் எனக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. பிள்ளைகளோடு கத்தி முடித்து வீட்டுக்கு வந்தால் தண்ணீர், விறகு, சமையல், மகளின் பாடம் என்று நேரம் ஓடிவிடும். எட்டு மணிக்கு மகளும் மாமியும் தூங்கியபிறகுதான் வினை. அவர் டியூட்டி முடிந்து ரூமுக்கு வர அங்கே எட்டு மணி, நமக்குப் பத்தரை. அந்தக் கோல் வரும்வரை கம்பளிக்குள் போனைத் தள்ளிக்கொண்டே இருப்பேன்.

ஏ.எல் ஒன்றாகப் படித்தவள் கொழும்பில் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பலூன் வளைவு கட்டியிருக்கிறாள். இன்னொருத்தி கணவனோடு துபாயில். பக்கத்து டிவிஷனில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்து, பால் காய்ச்சிய படம் போட்டிருந்தார்கள். நான் பொறாமை பிடித்தவள் இல்லை. அந்த வீட்டுக்குப் போய் பந்தியில் சோறு பரிமாறியதே நான்தான். அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே வீட்டை இரவில் போனில் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. இது எனக்கே விளங்கவில்லை.

டிக்டொக்கில் நான் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வீடியோ போட்டேன். யாரோ ஒருவன் "தோட்டக்காட்டான் தமிழ்" என்று எழுத, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. வீடியோவை அழித்துவிட்டேன். ஆனால் அவன் யார், எந்த ஊர் என்று இன்னமும் அவன் பக்கத்தைப் போய்ப் பார்க்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கடைசியில் கணவரின் கோல் வரும்போது நான் முகம் வாடியிருப்பேன். அவர் என்ன என்று கேட்பார், நான் ஒன்றுமில்லை என்பேன், அது சண்டையில் முடியும். தூக்கம் ஒரு மணிக்கு. விடியற்காலை தண்ணிக்குப் போக எழும்ப வேண்டும்.

போனை ஒரேயடியாக வைத்துவிடவும் வழியில்லை. பெற்றோர் வட்ஸ்அப் குழு, சம்பளப் பேச்சு, மழை நாளில் மண்சரிவு எச்சரிக்கை எல்லாம் அதில்தான் வருகிறது. பேஸ்புக்கை எடுத்துவிட்டால் மனசு சரியாகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லியப்புச் சந்தி:

போனை விற்று நாலு கோழி வாங்குங்கள் டீச்சர். முட்டையாவது மிஞ்சும். (கோபிக்க வேண்டாம், நானும் இந்த நேரத்தில் போனில்தானே இருக்கிறேன்.)

பண்டாரவளை பஸ் ஸ்டாண்ட்:

உளவளத்துணை (கவுன்சலிங்) டிப்ளோமா படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். 2018 தேர்தலுக்கு முன் சுமார் 2,700 பேரைச் சேர்த்து, அதில் ஒரு பகுதியினருக்குக் காசு கொடுத்து நாலு வாரம் பேஸ்புக்கை நிறுத்தச் சொன்னார்கள். நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலை கொஞ்சம் தேறியது. கொஞ்சம்தான், அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. நாட்டு நடப்பு தெரிவதும் குறைந்துபோனது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் செய்த இன்னொன்றும் அதே ஆண்டு வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குப் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னப்சட் ஒவ்வொன்றும் நாளைக்குப் பத்து நிமிடம் மட்டும், மூன்று வாரத்துக்கு; மற்றவர்கள் வழக்கம்போல. குறைத்தவர்களுக்குத் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. வழக்கம்போலவே பார்த்தவர்களுக்கும் பதற்றம் ஓரளவு குறைந்திருந்தது. எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்ற கணக்கு கண்முன் இருந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

ஆனால் டீச்சர், விடையை நீங்களே பாதி எழுதிவிட்டீர்கள். பால் காய்ச்சிய வீட்டில் உங்களுக்கு ஒரு வேலை இருந்தது, உரிமை இருந்தது, யாரோடாவது பேசிக்கொண்டும் இருந்தீர்கள். கம்பளிக்குள் அது ஒன்றும் இல்லை, வெறும் பார்வை மட்டும். அதுவும் களைத்துப்போன உடம்போடு, கணவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அடுத்தவர் குடும்பமாக நிற்கும் படங்கள். எனக்கென்னவோ, உங்களை அழவைப்பது அந்த இரண்டரை மணி நேரக் காத்திருப்பு என்றுதான் படுகிறது. பேஸ்புக்கை அழித்தால் அந்த நேரம் அப்படியே இருக்கும், டிக்டொக்கோ யூடியூபோ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் கோலையும் வேடிக்கையையும் பிரியுங்கள். பேஸ்புக்கைத் தற்காலிகமாக முடக்கினாலும் மெசஞ்சர் வேலை செய்யும். வட்ஸ்அப்பில் மனசைக் கிளறுகிறவர்களின் ஸ்டேட்டஸை மியூட் செய்யலாம், அவர்களுக்குத் தெரியாது. மணிச்சத்தத்தைக் கூட்டி, போனைக் கைக்கு எட்டாமல் அலுமாரிமேல் வைத்துவிட்டுத் தூங்குங்கள். கோல் வந்தால் எழும்பலாம்.

அந்தக் கொமண்ட்காரனை முதலில் பிளொக் செய்யுங்கள். அவன் யார் என்று கண்டுபிடித்தாலும் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெலிமடை கணக்கு சேர்:

தம்பி சொன்ன ஆய்வுகளோடு இதையும் வைத்துக்கொள்ளுங்கள். 2019இல் 3 இலட்சத்து 55 ஆயிரம் பதின்ம வயதினரின் தரவுகளை அலசினார்கள். டிஜிட்டல் சாதனப் பாவனைக்கும் மனநலத்துக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் மனநல வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் அதனால் விளக்க முடிந்தது. அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு கெட்ட பெயர் வந்தது! நுவரெலியா, வெலிமடை விவசாயிகள் என்னை அடிக்க வர வேண்டாம்.

அதற்காக டீச்சரின் அழுகை பொய் என்று சொல்லவில்லை. சராசரி வேறு, ஒரு ஆளின் கதை வேறு. எனக்குப் பயமெல்லாம் தூக்கத்தைப் பற்றித்தான். தூங்காமையும் அழுகையும் போனைக் குறைத்தபிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அவரையும் பார்க்கலாம். பைத்தியம் என்று யாரும் முத்திரை குத்தமாட்டார்கள்.

மஸ்கெலியா கொழுந்துக்காரி:

டீச்சர், எங்கள் வீட்டுக்காரர் சவூதியில். அங்கேயும் கட்டார் நேரம்தான். நானும் ராத்திரி பத்தரை வரை கண்முழித்தவள்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமையில் அவர் பகல் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பேசுகிறோம். அங்கே பன்னிரண்டு என்றால் நமக்கு இரண்டரை. பிள்ளைகளும் முழித்திருப்பார்கள், அப்பா முகத்தைப் பார்ப்பார்கள். மற்ற நாளில் நான் மலையில் நிற்பேன், அதனால் வொய்ஸ் மெசேஜ். உங்களுக்கு முன்பள்ளி பகலோடு முடிந்துவிடுமே, தினமும் பேசலாம். அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த நாக்கு நீண்டவனுக்காக வீடியோவை ஏன் அழித்தீர்கள்? கொமண்டை ரிப்போர்ட் செய்துவிட்டுப் பாட்டைத் திரும்பப் போடுங்கள். நம் தமிழ் நம் பிள்ளைகளுக்கு விளங்குகிறதா, அது போதும். அவன் குடிக்கிற தேத்தண்ணிக்குக் கொழுந்து யார் எடுக்கிறார்களாம்?

தலவாக்கலை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. கோழி யோசனைக்கும்தான். அவரிடம் பேசினேன். ஹயர் இல்லாத நாளில் இரண்டரைக்கு எடுப்பாராம், வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு என்பதால் அன்றைக்கு நிச்சயம். ராத்திரிக் கோல் இல்லையென்றால் உங்களுக்குக் கோபம் வராதா என்று கேட்டதற்கு, தனக்கும் அந்த நேரத்தில் தூக்கம் தூக்கமாக வருகிறது, நான் கோபிப்பேன் என்றுதான் சொல்லவில்லை என்றார். இதை இத்தனை நாள் இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமல் இருந்திருக்கிறோம், பாருங்கள்.

பாட்டைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒரு சந்தேகம்: பேஸ்புக்கை முடக்கினால் மகளின் சின்ன வயது படங்கள் அழிந்துபோகுமா? பழைய போன் தண்ணியில் விழுந்ததால் வேறு எங்கேயும் பிரதி இல்லை.

பண்டாரவளை பஸ் ஸ்டாண்ட்:

அழியாது. மறுபடி லொகின் செய்தால் எல்லாம் அப்படியே இருக்கும். முடக்குவதும் நிரந்தரமாக அழிப்பதும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும், மாற்றி அழுத்திவிடாதீர்கள். எதற்கும் படங்களை முதலில் போனில் இறக்கிவிட்டு அப்புறம் முடக்குங்கள்.