குடும்பக் குழு: கட்டியோட ரத்தக்குழாயைத் தேடிப்போற பெப்டைட்

பெரியப்பா: (ஃபார்வர்டு) புற்றுநோய்க் கட்டிக்கு ரத்தம் போற குழாயை மட்டும் தேடிப் பிடிக்கும் பெப்டைட்! இனி கீமோ வேண்டாம்!!

பெரியப்பா: பாப்பா, இது உன் படிப்புதானே? அத்தைக்குக் கேட்டுப் பாக்கலாமா?

நான்: முதல் வரி உண்மை பெரியப்பா. ரெண்டாவது பொய். அத்தை, கீமோவை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

அத்தை: தள்ளிப்போடல கண்ணு. குழாயைத் தேடுறதுன்னா என்ன?

நான்: கட்டி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளரணும்னா அதுக்குன்னு புது ரத்தக்குழாய் வேணும். 1971லயே ஜூடா ஃபோக்மன்னு ஒரு அமெரிக்க டாக்டர் சொன்னது. அந்தப் புதுக் குழாயோட உள்சுவர்ல, மத்த குழாய்ல அவ்வளவா இல்லாத புரதங்கள் இருக்கும், கதவு எண் மாதிரி. அதுல போய் ஒட்டுற குட்டிப் புரதத் துண்டுதான் இந்த பெப்டைட்.

சித்தி: அதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

நான்: எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான் சித்தி. ஃபேஜ்னு பாக்டீரியாவைத் தாக்குற வைரஸ் இருக்கு. ஒவ்வொண்ணு மேலயும் வேற வேற பெப்டைட் இருக்கிற மாதிரி கோடிக்கணக்குல தயார் பண்ணி, கட்டி இருக்கிற எலியோட வால்ல ஊசி போடுவாங்க

நான்: சில நிமிஷம் சுத்த விட்டு, இதயம் வழியா திரவம் செலுத்தி ஒட்டாததையெல்லாம் கழுவிடுவாங்க. அப்புறம் கட்டியை எடுத்து அரைச்சு, அதுல தங்கினதை பாக்டீரியாவுல பெருக்கி, இன்னொரு எலிக்கு. சில சுற்று போனதும் ஒரே பெப்டைட் திரும்பத் திரும்ப வரும்

நான்: குழாய்ல என்ன புரதம் இருக்குன்னு முன்னாடியே தெரியணும்னுகூட இல்ல. என்ஜிஆர் பெப்டைட் முதல்ல கிடைச்சுது, அது சிடி13ங்கிற நொதியில ஒட்டுதுன்னு பிறகுதான் தெரிஞ்சுது

அண்ணன்: வைரஸை மனுஷனுக்குப் போடுவாங்களா?

நான்: இல்லண்ணா, தேடுறதுக்குத்தான் ஃபேஜ். மருந்துல பெப்டைடை மட்டும் இணைப்பாங்க. 1998ல அரப், பாஸ்குவாலினி, ருவோஸ்லாட்டின்னு மூணு விஞ்ஞானிங்க பெப்டைடை டாக்ஸோரூபிசின்ங்கிற கீமோ மருந்தோட இணைச்சு எலிக்குக் குடுத்தாங்க. வெறும் மருந்தைவிட நல்லா வேலை செஞ்சுது, நச்சுத்தன்மையும் குறைவு.

அத்தை: டாக்ஸோரூபிசினா? எனக்கு ஏத்துற சிவப்பு மருந்து!

நான்: அதேதான் அத்தை ❤️

பெரியப்பா: அப்ப இத்தனை வருஷமா ஏன் வரல?

நான்: எலியில வேகமா வளர்ற கட்டி வேற, மனுஷக் கட்டி வேற. பெப்டைடும் ரத்தத்துல சீக்கிரம் சிதைஞ்சு சிறுநீர்ல போயிடும். சிலெங்கிடைட்னு ஒரு பெப்டைட் மூளைக்கட்டிக்கு மூணாம் கட்ட சோதனை வரைக்கும் போச்சு. நோயாளிங்க ஆயுளைக் கூட்டலன்னு 2014ல முடிவு வந்துது. அந்தக் கட்டுரையைப் படிச்சப்ப மனசு கனத்துப்போச்சு.

நான்: இப்ப ஐஆர்ஜிடின்னு இன்னொரு பெப்டைட் வகையை கணையப் புற்றுநோயாளிங்ககிட்ட சோதிச்சுட்டு வர்றாங்க. அதுவும் கீமோவோட சேர்த்துத்தான்.

நான்: பெரியப்பா, அந்த ஃபார்வர்டுல நம்பர் இருக்கா?

பெரியப்பா: இருக்கு. முன்பணம் கட்டணுமாம்.

நான்: தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க.

அத்தை: நான் டாக்டர்கிட்ட என்ன கேக்கட்டும்?

நான்: "என் வகைக்குப் பதிவு செஞ்ச ட்ரயல் ஏதாவது இருக்கா, நான் சேர முடியுமா"ன்னு கேளுங்க. இருந்தா ஒப்புதல் படிவத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, வரி வரியா சேர்ந்து படிப்போம்.

அத்தை: சரி கண்ணு. வியாழக்கிழமை போறப்ப கேக்கிறேன்.