ஃபெல்டரை வாசித்தவர்கள், வகுப்பில் முயன்று பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கொதிகலன்:

அமெரிக்க வேதிப் பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஃபெல்டரை நான் நேரில் கண்டதில்லை. இரண்டாம் ஆண்டு வேதிப் பொறியியல் படித்தபோது, முதுகில் பழுப்புத் தாள் ஒட்டிய நூலகப் புத்தகமாகத்தான் அவர் எனக்கு அறிமுகமானார். ரொனால்ட் ரூசோவுடன் சேர்ந்து எழுதி 1978இல் முதல் பதிப்பாக வந்த 'எலிமென்டரி பிரின்சிபிள்ஸ் ஆஃப் கெமிக்கல் பிராசஸஸ்'. நம் ஊர்ப் பாடத்திட்டங்களில் 'பிராசஸ் கால்குலேஷன்ஸ்' (ஆலைக்குள் எது எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று கணக்கிடும் பாடம்) தாளுக்குப் பரிந்துரைப் பட்டியலில் இருக்கும் புத்தகம். பட்டியலில் இருக்கும், கையில் எடுப்பவர் குறைவு.

எங்கள் வகுப்பில் அந்தத் தாள் நடந்த விதம் இதுதான்: ஆசிரியர் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரை கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் நகலெடுப்போம். தேர்வில் எண்கள் மட்டும் மாறி வரும். அந்த ஆண்டு ரீசைக்கிள் (வெளியே வருவதில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்புவது) உள்ள கணக்கு புதிதாக வந்தது. எனக்கு அரியர் விழுந்தது. மறுபடி எழுதத் தனியாக உட்கார்ந்தபோதுதான் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். கணக்கைத் தொடும் முன் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாகப் படம் வரையச் சொல்கிறார்கள். ஒவ்வொரு அம்பின்மேலும் தெரிந்ததை எழுது, தெரியாததற்கு ஓர் எழுத்து வை. பிறகு தெரியாதவற்றை எண்ணு, எழுதக்கூடிய சமன்பாடுகளை எண்ணு. இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் கை வை. ஒரு கணக்கு தீருமா தீராதா என்பதைத் தீர்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்கு அன்று பெரிய விடுதலை. இன்று உர ஆலையில் வேலை செய்கிறேன். அம்மோனியாச் சுற்றில் ஆர்கானும் மீத்தேனும் சேர்ந்துகொண்டே போவதால் கொஞ்சம் வாயுவைப் பர்ஜ் செய்து வெளியேற்றுகிறோம். அந்த அளவைப் பார்க்கும் நாட்களில் இன்னும் அந்தப் படத்தைத்தான் வரைகிறேன்.

அவரது வாழ்க்கை எனக்கு வியப்பாக இருக்கிறது. நியூயார்க் சிட்டி காலேஜ், பிரின்ஸ்டனில் 1966இல் முனைவர் பட்டம், 1969 முதல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். மற்றவர்களைப்போல உலைகளை ஆராய்ந்தே ஓய்வு பெற்றிருக்கலாம். மாணவர் எப்படிக் கற்கிறார் என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். பொறியியல் துறையில் அந்தப் பக்கம் திரும்புவது எளிதல்ல. நம் ஊரில் கற்பித்தலைப் பற்றிக் கட்டுரை எழுதினால் "ஆராய்ச்சி எங்கே?" என்று கேட்பார்கள்.

நீங்கள் அவரை எங்கே சந்தித்தீர்கள்? எழுதுங்கள்.

கரும்புக்காட்டு ஆசிரியை:

நான் பதினொரு ஆண்டுகளாக ஒரு தனியார் கல்லூரியில் அதே தாளை நடத்துகிறேன். 'கெமிக்கல் இன்ஜினியரிங் எஜுகேஷன்' இதழில் அவர் எழுதிவந்த சிறு பத்திகள்தான் எனக்குப் பயிற்சிக் கல்லூரி. முனைவர் பட்டம் வாங்கிய எவருக்கும் வகுப்பில் நிற்பது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. சாக்பீஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அவர் சொல்வதில் நான் முதலில் முயன்றது மிகச் சிறியது. பாதிப் பாடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பது. ஒரு நிமிடம் தனியாக எழுத விடுவது. பிறகு பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடச் சொல்வது. கடைசியில் கை தூக்கியவரை விட்டுவிட்டு யாரையாவது ஒருவரை எழுப்பிக் கேட்பது. முதல் நாள் மயான அமைதி. இரண்டாம் வாரம் வகுப்புப் பிரதிநிதி வந்து, "மேடம், நீங்களே போட்டுக் காட்டிவிடுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று இரவு 1996இல் அவரும் கல்வியியலாளர் ரெபெக்கா பிரென்ட்டும் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மாணவர்கள் எதிர்ப்பார்கள், அது இயல்பான கட்டம், இழப்பைச் சந்தித்தவர் படிப்படியாகத் தேறுவதுபோல அவர்களும் தேறுவார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் நான் மறுநாளே பழையபடி கரும்பலகைப் பக்கம் திரும்பியிருப்பேன்.

ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். ஆவியாக்கிக் கணக்கு. வழக்கமாக உப்புக் கரைசல் என்று தொடங்குவேன். அன்று கரும்புச் சாறு என்று மாற்றினேன். 100 கிலோ சாறு, அதில் 15 சதவீதம் திடப்பொருள். 60 சதவீதம் வரும்வரை சுண்டக் காய்ச்சினால் எவ்வளவு நீர் போகும்? ஒரு நிமிடம் கொடுத்தேன். முதல் ஆண்டு முழுவதும் தமிழ்வழியிலிருந்து வந்த கூச்சத்தில் வாய் திறக்காத ஒரு பையன், கடைசி பெஞ்சில் பக்கத்துப் பையனின் நோட்டில் விரல் வைத்து ஏதோ காட்டிக்கொண்டிருந்தான். எழுப்பினேன். "திடப்பொருள் 15 கிலோ எங்கும் போகாது மேடம். அதுதான் 60 சதவீதம் என்றால் பாகு 25 கிலோ. மீதி 75 கிலோ நீர்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்கள் கொப்பரையில் இதைவிட வற்ற விடுவோம். இந்தப் பதத்தில் இறக்கினால் வெல்லம் உருண்டை பிடிக்காது" என்றான். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக வெல்லம் காய்ச்சுகிறார்களாம். இரண்டு ஆண்டுகளாக என் வகுப்பில் இருந்த பையன். எனக்கு அன்றுதான் தெரியும்.

மணல் வடிகட்டி:

ஆசிரியை எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய வேண்டும். 1988இல் லிண்டா சில்வர்மன் என்ற உளவியலாளரோடு அவர் எழுதிய, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கற்கிறார்கள் என்னும் 'கற்றல் பாணி' கட்டுரைதான் அவரை உலகெங்கும் கொண்டுபோனது. பிறகு 44 கேள்விகள் கொண்ட வினாத்தாள் வந்தது. எங்கள் கல்லூரியில் ஒரு பயிலரங்கில் எல்லா மாணவரிடமும் அதை நிரப்பி வாங்கி, "நீ காட்சிவழிக் கற்பவன், நீ சொல்வழிக் கற்பவன்" என்று பிரித்து அட்டவணை ஒட்டினார்கள். ஒரு மாணவி, "எனக்குப் படம்தான் ஏறும் என்று வந்திருக்கிறது, அதனால் நூலகத்துக்குப் போவதில்லை" என்று என்னிடமே சொன்னாள். மனம் வலித்தது. 2008இல் நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, மாணவரின் பாணிக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். எனக்கு அந்த வாதம் சரியாகப் படுகிறது.

கொதிகலன்:

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஃபெல்டர் ஒவ்வொருவருக்கும் தனிப் பாணியில் நடத்தச் சொல்லவில்லை. எல்லா வழிகளும் கலந்து வரும்படி நடத்தச் சொன்னார். ஆனால் கையில் வினாத்தாளைக் கொடுத்தால் பெயர்ச்சீட்டு ஒட்டத்தான் செய்வார்கள். அந்தக் கருவி அவரது பணியில் பலவீனமான பகுதி என்றே நானும் நினைக்கிறேன்.

வால்வு எண் ஏழு:

நான் ஓர் ஆலை வடிவமைப்பு நிறுவனத்தில் பொறியாளர், பெண். எனக்கு முக்கியமானது வேறொன்று. 1990இல் தொடங்கி ஒரே அணி மாணவர்களுக்கு அடுத்தடுத்த செமஸ்டர்களில் ஐந்து வேதிப் பொறியியல் பாடங்களைத் தானே நடத்தி, அவர்களைப் படிப்பு முடியும்வரை பின்தொடர்ந்தார். வகுப்பு மாறும்போது ஆசிரியரும் மாறிவிடும் நம் வழக்கத்தில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது. அந்த ஆய்வின் ஒரு பகுதி, கிராமப்புறத்திலிருந்து வந்தவர்கள் தொடக்கப் பாடத்தில் நகரத்தாரைவிடப் பின்தங்கினார்கள் என்கிறது. இன்னொரு பகுதி பெண்களைப் பற்றியது. ஆண்களுக்குச் சமமான, சிலவற்றில் மேலான தகுதியோடு நுழைந்தவர்கள், ஆண்டு போகப் போகத் தன்னம்பிக்கை இழந்தார்கள். குழுவில் தங்கள் பங்கை மற்றவர்கள் மதிக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

அந்தக் கட்டுரையை முப்பது வயதில் படித்தேன். இறுதியாண்டுத் திட்டப்பணியில் வெப்பப் பரிமாற்றியின் கணக்கு முழுவதும் என்னுடையது. வாய்மொழித் தேர்வில் பேசியது குழுவின் பையன்கள். என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "அறிக்கையை நீதான் தட்டச்சு செய்தாயா?" அது என் குறை என்றே அத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன். இன்னொரு கண்டத்தில், நான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோதே, ஒருவர் அதை அளந்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். கட்டுரையை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆசிரியை அம்மா, உங்கள் குழுக்களை நீங்கள் பிரிக்கிறீர்களா, அவர்களே சேர்கிறார்களா?

கரும்புக்காட்டு ஆசிரியை:

நான்தான் பிரிக்கிறேன், அம்மா. ஃபெல்டரும் அதைத்தான் சொல்கிறார். நண்பர்கள் நண்பர்களோடு சேர்ந்தால் முதல் வரிசை ஒரு குழு, கடைசி வரிசை ஒரு குழு ஆகிவிடுகிறது. தொடக்க ஆண்டுகளில் ஒரு குழுவில் ஒரே ஒரு பெண் என்று தனியாகப் போடாதீர்கள் என்பதும் அவர் அறிவுரை. மதிப்பெண் குழுவுக்கு மொத்தமாகக் கிடையாது. ஒவ்வொருவரும் மற்றவர் பங்களிப்பை எழுதித் தர வேண்டும். இனி வாய்மொழித் தேர்வில் யார் எந்தப் பகுதியைச் செய்தார்களோ, அதை வேறொருவரிடம் கேட்கப்போகிறேன். உங்கள் கதை அதற்குக் காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாணவருக்குக் கொடுக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் ஆசிரியரால் எழுதி முடிக்க முடியாத தாளைத் தேர்வில் வைக்கக் கூடாது என்பார் அவர். நேற்று இரவு மாதிரித் தேர்வுத் தாளை எடுத்துக் கடிகாரத்தை முன்னால் வைத்து நானே எழுதினேன். மூன்று மணி நேரத் தாள். எனக்கு 1 மணி 40 நிமிடம் ஆனது. ரீசைக்கிள் கணக்கு ஒன்றை எடுத்துவிட்டேன். இன்னொன்றையும் சுருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.