அம்மாவுக்கு ராத்திரி 3 மணிக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு வயது 71, எடை 58 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. பிரஷருக்கு ஒரு மாத்திரை. சாயங்காலம் 5 மணிக்கு ஃபில்டர் காபி. ராத்திரி 9 மணிக்கு மூணு இட்லி, தேங்காய் சட்னி. படுக்கும்போது பெரிய டம்ளர் நிறையப் பால். 10 மணிக்குப் படுத்ததும் தூங்கிவிடுகிறார். 1 மணிக்கும் 3 மணிக்கும் பாத்ரூம் போக எழுந்திருக்கிறார், அதோடு தூக்கம் போச்சு. கசகசா பால், ஜாதிக்காய், வாழைப்பழம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைக் கொடுக்கலாம்?

முருங்கைக்கீரை:
புதிதாக எதையும் கொடுக்குமுன் காபியையும் ராத்திரிச் சாப்பாட்டையும் முன்னால் தள்ளுங்கள்.

குடித்த காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 5 மணிக் காபியில் பாதி, படுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கிறது. படுத்ததும் தூங்கிவிடுகிறாரே, அதனால் காபி காரணமில்லை என்று நினைக்காதீர்கள். காஃபின் தூக்கத்தின் ஆழத்தையும் குறைக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில் உள்ள கணக்கு: 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின், இன்ஸ்டன்ட்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. டீயில் குறைவுதான், ஆனாலும் காஃபின் இருக்கிறது; சாயங்காலம் டீக்கு மாறினால் மட்டும் போதாது. கடைசிக் காபி மதியம் 1 மணிக்குள் முடியட்டும். சட்டென்று நிறுத்தினால் தலைவலி வரும். சாயங்கால டிகாக்‌ஷனை வாரத்துக்குக் கால் பங்கு வீதம் குறைத்து வாருங்கள்.

சாப்பாடு 7 மணிக்கு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் படுத்தால் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் தூக்கத்தைக் கலைக்கும். சட்னியோடு வெறும் இட்லியில் புரதம் குறைவு. பாசிப்பயறு தோசை, அடை, இல்லையென்றால் இட்லிக்குக் கெட்டியான பருப்பு சாம்பார் என்று மாற்றலாம்.

பால் நல்ல உணவுதான், தூக்க மருந்து இல்லை. தூக்கத்துக்கு உதவும் என்று சொல்லப்படும் டிரிப்டோஃபான் என்ற புரதக் கூறு ஒரு டம்ளரில் கொஞ்சம்தான் இருக்கும். பெரிய டம்ளராகப் படுக்கும் நேரத்தில் கொடுத்தால் 1 மணிக்கு எழுப்பிவிடும்.

சர்க்கரைக்கணக்கு:
மேலே சொன்னதில் ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கு ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளினால், விடியும் முன் சர்க்கரை இறங்கிவிடலாம். அந்த மாத்திரை ராத்திரியிலும் இருக்கிறதா என்று பார்த்து, டாக்டரிடம் நேரத்தைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

அதற்கு முன், இரண்டு மூன்று ராத்திரி அம்மா 3 மணிக்கு எழும்போதே குளுக்கோமீட்டரில் பாருங்கள். வியர்வை, படபடப்பு, கெட்ட கனவு இருந்தால் தாழ்சர்க்கரை என்று சந்தேகிக்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படிப்பட்டவருக்கு 9 மணிக்கு 100 மில்லி பாலோ அரை கப் சுண்டலோ தேவைப்படும்.

180க்கு மேல் நன்றாக ஏறியிருந்தால் கதை வேறு. சர்க்கரை சிறுநீரில் இறங்கி, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். பாத்ரூம் நடைக்கு அதுவே காரணமாகலாம். அந்த நிலையில் படுக்கும்போது வாழைப்பழம் வேண்டாம்.

உப்புக்கல்:
சிறுநீர் விஷயத்தில் தண்ணீரைக் குறைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. குறைத்தால் மலச்சிக்கலும் தலைசுற்றலும் வரும். இதயம், சிறுநீரகத்துக்காக டாக்டர் அளவு சொல்லவில்லை என்றால், நாளுக்கு ஒன்றரை லிட்டரை மாலை 6 மணிக்குள் குடிக்க வையுங்கள். அதற்குமேல் மாத்திரைக்கு வேண்டிய அளவு போதும்.

உப்பைக் கவனியுங்கள். ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழகத்தார் 2017ல் சொன்ன ஆய்வில், உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் ராத்திரி எழுவது சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. ராத்திரி ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாயை நிறுத்தினாலே நல்ல தொடக்கம்.

சாயங்காலம் கணுக்காலுக்கு மேல் விரலால் 10 விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால், பகலில் காலில் தேங்கிய நீர்தான் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. மதியத்துக்குமேல் ஒரு மணி நேரம் காலை உயரமாக வைக்கச் சொல்லுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். பிரஷர் மாத்திரையில் நீர் இறக்கும் மருந்து சேர்ந்திருந்தால் அதைக் காலையில் போடலாமா என்றும் கேளுங்கள்.

கைமருந்து:
கசகசா பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அது அபினிச் செடியின் விதை. மேலே ஒட்டியிருக்கும் மார்ஃபின் அளவு சரக்குக்குச் சரக்கு மாறும். குருமாவுக்கு அரைப்பதில் பயமில்லை. தினமும் ஸ்பூன் கணக்கில் பாலில் அரைத்துக் கொடுப்பது வேறு. தூக்க மாத்திரையோ டிரமடால் போன்ற வலி மாத்திரையோ கூடவே இருந்தால், ராத்திரி பாத்ரூம் போகும்போது தள்ளாடி விழுவார். இடுப்பெலும்பு முறிந்தால் தூக்கத்தைவிடப் பெரிய கஷ்டம். ஜாதிக்காயும் ஒரு சிட்டிகைக்குமேல் போகக் கூடாது. ஸ்பூன் அளவுக்குப் போனால் படபடப்பும் மனக்குழப்பமும் வரும்.

ராத்திரி பாதம் எரிகிறதா, காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையும், எரிச்சல் அதனாலும் வரலாம். கால் குடைச்சலுக்கு ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றிருந்தாலும் 75க்குக் கீழ் இருந்தால் டாக்டரிடம் கேட்டுத்தான் இரும்பு மாத்திரை. அதைக் காபி, டீயோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.