சிப்பிப்பாறைக்கு ‘உட்கார்’ சொல்லிக் கொடுப்பது

எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை இன நாய், பெண். பெயர் மின்னல். நாயைப் பழக்குவது பற்றி வரும் வீடியோக்களில் பெரும்பாலும் லாப்ரடார்தான் இருக்கும். தீனியை மூக்குக்கு நேரே காட்டி, அப்படியே தலைக்கு மேலாகப் பின்பக்கம் கொண்டுபோனால் நாய் அண்ணாந்து பார்க்கும், பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கும். லாப்ரடாருக்குச் சரி. மின்னல் அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நகர்ந்துபோய், நின்ற வாக்கில் வாயைத் திறக்கும்.

பிடிவாதம் என்று வீட்டில் சொன்னார்கள். பிடிவாதம் இல்லை என்பது அதன் உடம்பைப் பார்த்தால் தெரியும். நீளக் கால், ஒட்டிய வயிறு, தொடையில் இறுகிய தசை, மேலே கொழுப்பே கிடையாது. டைல்ஸ் தரையில் உட்கார்ந்தால் கால் வழுக்கும், எலும்பு உறுத்தும். அதனால் ஒரு சாக்கை மடித்துப் போட்டு ‘படு’வில் தொடங்கினேன். தீனியை மூக்கிலிருந்து நேராகக் கீழே இறக்கி முன்னங்கால்களுக்கு நடுவே கொண்டுபோக வேண்டும். அது சுலபமாக வந்துவிட்டது. ‘உட்கார்’ வெகு நாள் கழித்து, அதுவும் அரைகுறையாகத்தான் வந்தது. நான் வற்புறுத்துவதில்லை. விருந்தாளி மேல் பாயாமல் இருக்க ‘நில்’ போதும்.

தீனிக்குக் கோழி ஈரல். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, கொண்டைக்கடலை அளவில் நறுக்கிக்கொள்வேன். குழம்புக் கறியைக் கொடுக்காதீர்கள், வெங்காயம் நாய்க்கு ஆகாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் 5 நிமிடம் பழக்கினால் போதும், பசி இருக்கும்போது கவனமும் இருக்கும். சொன்னதைச் செய்த அந்த விநாடியே தீனி வாய்க்குப் போக வேண்டும். பாக்கெட்டைத் துழாவி எடுப்பதற்குள் அது எழுந்துவிட்டால், எழுந்ததற்குத்தான் கூலி கொடுக்கிறோம்.

‘வா’தான் பெரிய பாடு. முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே வளர்த்த இனம் இது. வேட்டையைச் சட்டம் தடுத்துவிட்டது, துரத்தும் குணம் அப்படியே இருக்கிறது. பூனை ஓட ஆரம்பித்த பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை. அதற்கு முன் ஒரு நொடி உண்டு: காது விறைக்கும், கழுத்து நீளும், உடம்பு அசையாமல் நிற்கும். அப்போதே கூப்பிட வேண்டும். 10 மீட்டர் கயிறு கட்டிக் காலி மனையில் பழக்கினோம். கயிற்றைக் கழுத்துப் பெல்ட்டில் கட்ட வேண்டாம், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் கட்டுங்கள். இது ஓடும் வேகத்துக்குக் கயிறு தீரும் இடத்தில் கழுத்தைச் சுண்டி இழுத்துவிடும்.

இன்னொன்று, ‘வா’ என்று கூப்பிட்டுக் குளிப்பாட்டுவதும் கட்டிப்போடுவதும் கூடாது. அதற்கெல்லாம் நாமே போய்ப் பிடித்துவர வேண்டும். அப்பா காலையில் செல்லமாக “வாடி தங்கம்” என்பார், வந்ததும் சங்கிலியை மாட்டுவார். இப்போது அவருக்கு மட்டும் வீட்டில் ‘வா’ சொல்லத் தடை.

பதில்:

அக்கா, எங்களுடையது ராஜபாளையம், முழு வெள்ளை. இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும், எங்கள் பையனும் அப்படித்தான். குக்கர் விசில் அடித்தும் அசையாமல் தூங்கினான், அப்போதுதான் சந்தேகம் வந்தது. மருத்துவரிடம் காட்டி உறுதி செய்தோம். எல்லாம் கைச்சாடைதான். உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினால் படு, விரித்த கையை முகத்துக்கு நேரே நீட்டினால் இரு, கட்டை விரலை உயர்த்தினால் சபாஷ். நம் முகத்தைப் பார்க்கப் பழக்குவதுதான் முதல் வேலை. அவனாகத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு ஈரல். இருட்டில் கூப்பிட வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவோம். தூங்கும்போது சட்டென்று தொட்டால் பயந்து கடிக்க வருவான், மூக்கருகே கையைக் கொண்டுபோனால் வாசனையில் தானே விழிப்பான். வெளியே மட்டும் சங்கிலியைக் கழற்றுவதே இல்லை. ஹாரன் கேட்காதே.

பதில்:

எங்களுடையது தெருவிலிருந்து எடுத்துவந்த நாட்டு நாய். உட்கார், படு எல்லாம் ஒரே வாரம், புத்தி அப்படி. கேட்டைத் திறந்தால் வெளியே பாய்வதுதான் தொல்லை. ‘இரு’ சொல்லிவிட்டுக் கேட்டை ஒரு விரல்கடை திறப்போம். எழுந்தால் மூடிவிடுவோம், உட்கார்ந்தே இருந்தால் இன்னும் கொஞ்சம் திறப்போம், ‘போ’ சொன்ன பிறகுதான் வெளியே. அடி, அதட்டல் எதுவும் தேவைப்படவில்லை. இப்போது கூரியர் பையன் வந்தாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பால்காரர் வந்தால் மட்டும் எல்லாம் போச்சு. அவர் சட்டைப் பையில் பிஸ்கட் வைத்திருக்கிறார், அது மேலே தாவினால்தான் கொடுப்பார். அவரிடம் யார் போய்ச் சொல்வது?